பாட்டின் மீதி

எனக்குப் பாட வராது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கஸ்பார் வாயைத் திறந்தால் கோழி அடையை விட்டு எழுந்து ஓடும் என்று. இந்தத் திராட்சைத் தோட்டத்து ஒயின் நிலவறையில் முப்பத்தொரு வருஷம் தலைமை வேலை பார்த்தேன். அதற்கு நாக்கு போதும்.

நீங்கள் போலீஸ்காரர். ஒயின் குடித்திருப்பீர்கள், செய்திருக்க மாட்டீர்கள். திராட்சை புளித்து, ஒயினை வடித்த பிறகு மரத்தொட்டியின் அடியில் சக்கை தங்கும். ஒருவர் உள்ளே இறங்கி வாரிக் கொட்ட வேண்டும். அங்கே கெட்ட காற்று நிற்கும். சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முதலில் மெழுகுவத்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பாடிக்கொண்டேதான் வார வேண்டும். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் இழுப்பார், முற்றத்தில் இருப்பவர்களும் ஓடி வருவார்கள். இது எங்கள் தோட்டத்துப் பழக்கம்.

அன்செல்ம் இந்த வீட்டு மாப்பிள்ளை. மாமனார் இறந்தபின் தோட்டம் அவர் கைக்கு வந்தது. நல்ல மனிதர், தொட்டிக்குள் அவரே இறங்குவார். கல்மேட்டில் இருந்த எண்பது வயதுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடப்போகிறேன் என்றார். எங்கள் ஒயினுக்குப் பெயரே அந்தக் கொடிகளால்தான். அவற்றைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதே வாரம் ருசி பார்க்கும்போது, பள்ளத்துச் சாதா ஒயினைக் கல்மேட்டு ஒயின் என்று சொல்லிவிட்டேன். அறுவடைக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அன்செல்ம் என் தோளைத் தட்டினார். "கஸ்பார் அண்ணே, ஒங்க நாக்கு பென்ஷன் வாங்கி ரொம்ப நாளாச்சு போல." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

மறுநாள் மதியம் மெழுகுவத்தியை இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. மேலே இழுத்து, மறுபடி கொளுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எரியுதாண்ணே?"

"நல்லா எரியுது மாப்ளே. எறங்குங்க."

அவர் இறங்கிப் பாடத் தொடங்கினார். மாவு ஆலைக்காரன் மகளுக்கு ஏழு வரன் வருகிற பாட்டு அது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியே முற்றத்தில் சமையல்கார அம்மா பெர்த் அறுவடைக்காரர்களுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். விசாரணையில் அவர் சொன்னது உங்கள் காகிதத்திலேயே இருக்கும்: ஏழு வரனும் வந்து போகும்வரை பாட்டுக் கேட்டது, அதற்குப் பிறகுதான் கஸ்பார் கூப்பிட்டார். கடைசிவரை பாடியவரைக் கெட்ட காற்று எப்படிக் கொல்லும்? இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள்.

மார்ச்சில் அவர் மனைவி குளோதில்ட், அது அவருடைய கடைசி ஆசை என்று சொல்லி, கல்மேட்டுக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார். முதல் கொடியை நான்தான் பிடுங்கினேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

வந்தது வேறு. ஒவ்வொரு அறுவடையிலும் ஒயினை வடித்ததும், ஆள் இல்லாத அந்தத் தொட்டிக்குள் பாட்டுக் கேட்கிறது. பயமாக இருக்கிறது ஐயா, ஒளிக்கவில்லை. இந்த வருஷம் தாங்க முடியாமல்தான் உங்களைத் தேடி வந்தேன். பாடுவது அன்செல்மாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் அந்தப் பாட்டு ஐந்தாவது வரனில்தான் தொடங்குகிறது.

அன்செல்ம் நாலாவது வரனோடு நிறுத்திவிட்டார். சக்கைமேல் அவர் விழுந்தது தலையணை விழுந்த மாதிரிதான் கேட்டது. கயிறு என் கையில் இருந்தது. வெளியே கரண்டிச் சத்தம் நின்றது. அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டியின் வாயில் முகத்தை வைத்து, ஐந்தாவது வரனை வரவழைத்தேன். தொட்டிக்குள் எல்லாக் குரலும் ஒன்றுதான். கரண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஏழாவது வரன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும்வரை அவசரப்படாமல் பாடினேன்.

அவர் பாதியில் விட்டதை முடித்து வைத்தேன், அவ்வளவுதான். பெர்த் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அன்செல்ம் அன்றைக்குப் பாடிய மாதிரி என்றைக்குமே பாடியதில்லையாம்.