ஏழாவது கால்

பூச்சிகளைக் கிட்டத்தில் படம் எடுக்க வருகிற புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஃபேனை அணைத்துவிடுங்கள் என்பதுதான். அவ்வளவு நெருக்கத்தில் வண்டின் கண் தெளிவாக விழுந்தால் முதுகு மங்கிவிடும். அதனால் கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி முப்பது நாற்பது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் அடுக்கி ஒன்றாக்க வேண்டும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பார்கள். நடுவில் வண்டு அசையக் கூடாது. கல்லூரியிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

என் வண்டு அசைந்துவிட்டது. ஒரு காலை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தது. இரண்டு இடத்திலும் அது பதிந்து, முடிந்த படத்தில் ஏழு கால் வந்தது. நான் கவனிக்கவில்லை, முதுகின் பளபளப்பிலேயே சொக்கிப் போயிருந்தேன். என் மச்சினன்தான் கவனித்தான்.

அவன் உங்கள் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன். என் கேமராவைப் பார்த்தாலே, "மாமாவுக்கும் பொழுது போகணும்ல" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பான். அன்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, இத எங்க புடிச்சீங்க? உலகத்துல யாரும் பாத்ததில்ல மாமா."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி, தம்பிக்கு முன்பாக எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம். வாயை மூடிக்கொண்டேன்.

வண்டைப் பார்க்க வேண்டும் என்றான். படத்தில் தப்பில்லை, வண்டில்தான் ஒரு கால் குறைந்தது. அந்தக் குறையைச் சரிசெய்தேன். பூச்சிகளைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் சாதுவாகிவிடும். அப்புறம் ஓர் இடுக்கியும் ஒரு சொட்டுப் பசையும் போதும். கால் கொடுத்த வண்டை நான் கொல்லவில்லை. அப்படிப்பட்டவன் இல்லை நான். தோட்டத்தில் விட்டுவிட்டேன்.

"ஒன்னு மட்டும்னா ஊனம்னு சொல்லிடுவாங்க மாமா. இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?"

கேட்பவன் வீட்டுப் பிள்ளை. எப்படி இல்லை என்பது? அந்த வாரம் முழுக்க ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லை.

பிறகு ஒரு நாள், தோட்டத்தில் நொண்டிக்கொண்டு திரிந்த ஐந்து கால் வண்டுகள் அவன் கண்ணில் பட்டுவிட்டன. தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். அவனோ கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆணுக்கு ஏழு, பொண்ணுக்கு அஞ்சு மாமா."

அதைத்தான் பூச்சியியல் மாநாட்டில் அத்தனை அறிஞர்கள் முன்னால், வண்டுகளையும் வைத்துக்கொண்டு மேடையில் சொன்னான். விளக்குச் சூட்டில் பசை இளகி, அவன் பேசப் பேசக் கால்கள் உதிர்ந்தனவாம். பித்தலாட்டக்காரன் என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். இப்போது எங்கள் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். அவன் அக்கா தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வந்து அழுகிறாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. பசை வைத்தது யார் என்று அவன் இதுவரை என்னைக் கேட்கவில்லை. மாமா மேல் அவ்வளவு மரியாதை.

நான்தான் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மோசடி என்று மட்டும் எழுத வேண்டாம். ஏழையும் ஐந்தையும் கூட்டிப் பாருங்கள், தலைக்கு ஆறு கால்தான் வருகிறது. நான் யாருக்கும் எந்தக் குறையும் வைக்கவில்லை.