பலகையில் குறை இல்லை

பலகை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன்மேல் போட்டிருக்கும் படத்தைத்தான். முப்பது வருடமாகப் பனிச்சறுக்குப் பலகை விற்கிறேன். அது தப்பு என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. ஓநாய்ப் படம் போட்டது புத்தாண்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். வாங்கியவர்களில் பாதிப் பேர் அடிவாரச் சரிவைத் தாண்ட மாட்டார்கள்.

நிகாய்தோ அந்த ரகம் இல்லை ஐயா. டிசம்பர் நடுவில் கடைக்கு வந்தவன் படத்தைப் பார்க்கவே இல்லை. பலகையைத் தரையில் ஊன்றி, நடுவில் அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தான். மரங்களுக்குள்ளும் செங்குத்திலும் ஓட்ட ஒன்று வேண்டும் என்றான்.

எந்த மரங்கள் என்று எனக்குத் தெரியும். பதினொரு குளிர்காலமாக, கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில், மலைக்குப் பின்னாலிருக்கும் ஊசியிலைக் காட்டில் நாங்கள் இருவரும்தான் ஓட்டினோம். அதற்குள் நுழையும் வழி வேறு யாருக்கும் தெரியாது. அதை நான் கண்டுபிடித்த வருடம்தான் என் மனைவி ஒசாகாவுக்கே திரும்பிப் போனாள். போனது அவள், கிடைத்தது காடு. வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று பலகைகளை எடுத்துப் போட்டேன். முதலாவது நீளம், விறைப்பு. செங்குத்தில் கல்லுப்போல நிற்கும். மரங்களுக்கு நடுவே திரும்பச் சொன்னால் யோசித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது குட்டை. மீன் மாதிரித் திரும்பும். இறுகிய பனியில் பல் தந்தியடிக்கும் அளவுக்கு நடுங்கும். மூன்றாவதற்கு அகலமான மூக்கு, ஒடுங்கிய வால், முன்பக்கம் இளக்கம், பின்பக்கம் உறுதி. ஆழமான பனியில் மூக்கு தானாக மேலே எழும்பும். மூன்றில் விலை கூடியது முதலாவது. அதை அவன் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை, மூன்றாவதைத்தான் கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வடக்கு மலையூர் ஆட்கள் சீட்டில் எழுதிய விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிப் போகிறவர்கள். நான் ஒசாகாவின் துணிக்கடைத் தெருவில் வளர்ந்தவன். என்னோடு பழகி அவனுக்கும் பேரம் பேசும் புத்தி வந்திருந்தது.

“கசாய் அண்ணே, இந்த விலைய உங்க தெருவுல சொல்லியிருந்தா உங்கப்பாவே வெளிய எந்திரிச்சுப் போயிருப்பாரு.”

“போகமாட்டாரு. உன்ன உக்கார வெச்சு, டீய குடுத்து, இன்னும் ரெண்டாயிரம் யென் ஏத்தியிருப்பாரு.”

பத்தில் ஒரு பங்கு குறைத்தேன். மெழுகு இலவசம் என்றேன். காலைப் பூட்டும் பட்டைகளை, ஆழமான பனிக்குத் தோதாக, வழக்கத்தைவிட இரண்டு துளை பின்னே தள்ளி முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சங்கதியைச் சொன்னான். நகராட்சியில் பனி அள்ளும் வேலையை விட்டுவிட்டானாம். ஜனவரியிலிருந்து வெளியூர் ஆட்களை மலைக்கு அழைத்துப்போகும் தொழில். ஒரு நாளைக்கு எட்டுப் பேர். எங்கே என்று கேட்டேன்.

“நம்ம காட்டுக்குத்தான். வேற எங்க?”

பேரம் பேசினேன். காட்டையே விட்டுவிடச் சொன்னேன், சிரித்தான். மேல் பாதியையாவது விடச் சொன்னேன். கடைசியாக, செவ்வாய்க்கிழமை மட்டும் யாரையும் கூட்டிவராதே என்றேன். மூன்று முறை இறங்கியாயிற்று. எங்கள் தெருவில் அதற்குக் கீழே யாரும் இறங்க மாட்டார்கள்.

“காட்டுக்கு என்ன பட்டாவா வெச்சிருக்கீங்க அண்ணே?”

நானும் சிரித்தேன். கடைசித் திருகாணியை முடுக்கி, பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஜனவரி இரண்டாம் செவ்வாய். இடுப்பளவு புதுப்பனி. அவனுடைய முதல் விருந்தாளிகள் வியாழக்கிழமை வருவதாக இருந்தது.

மரங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் முன்னால் போகிறவன் பத்து வளைவு இறங்கி, பத்திரமான இடத்தில் நின்று குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவன் அந்தக் குரலை நோக்கி நேராக வருவான். தரையை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டான். குரல்தான் அவனுக்குத் தரை. இருவரில் யார் கூப்பிட்டாலும் மற்றவன் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஏற்பாடு அது.

பெரிய மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி ஆளை முழுங்கும் குழி உண்டாகும். மேலே மெல்லிய பனி மூடி, சமதரை போலத் தெரியும். அப்படி ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று குரல் கொடுத்தேன்.

அழகாக வந்தான் ஐயா. மூக்கு பனிமேல் மிதந்தது. இரண்டு அடிமரங்களுக்கு இடையே ஊசியில் நூல் கோத்த மாதிரித் திரும்பினான். பழைய பலகையாக இருந்திருந்தால் மேலேயே எங்காவது விழுந்து, என்னைத் திட்டிக்கொண்டே எழுந்திருப்பான்.

குழிக்குள் தலைகீழாகப் போனான். பலகையின் அடிப்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு காலும் பூட்டியிருக்க, கை எட்டாது. அசைய அசையப் பனி இறுகும். மூச்சு கால் மணி நேரம் தாங்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். மண்வெட்டி என் முதுகில் இருந்தது.

கூப்பிட்டான். கனத்த போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. ஏற்பாட்டின்படி பதில் சொன்னேன். ஆறேழு முறை கூப்பிட்டான். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் விடவில்லை. நடுவில் செவ்வாய்க்கிழமையைப் பற்றி இன்னொரு முறை கேட்டேன். என்ன சொன்னான் என்று தெளிவாக விளங்கவில்லை.

அப்புறம் தோண்டினேன். அவன் குரலைத் தவறவிட்டு, ஏறி வர நேரமாகிவிட்டது என்று மீட்புக்காரர்களிடம் சொன்னேன். சூடாக டீ கொடுத்தார்கள். சாவு வீட்டில் அவன் அம்மா எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, பதினொரு வருடம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றார்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. காவல் நிலையத்துக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன். மீட்புக் குழுவின் அறிக்கையை, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நிலையத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ‘புதிய பலகை பொருத்தமற்றது, மூக்கு அளவுக்கு மீறி அகலம், பட்டைகள் தவறாகப் பின்னே தள்ளிப் பொருத்தப்பட்டுள்ளன.’ ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. என்னிடம் பலகைக்கு முன்பதிவு செய்த இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள் ஐயா. துளைகளை எண்ணிப் பாருங்கள், எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனுக்கு அதைவிடச் சரியான பலகை ஜப்பானில் கிடையாது. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டவன் நான், அவன் சாகும்வரை தோண்டாமல் நின்றவனும் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பதில் வைக்க என் முத்திரையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

என்னை நம்பி வந்த ஒருவரையும் நான் இன்றுவரை ஏமாற்றியதில்லை.