லயத்தில் ஒரு வரித் தமிழ்

குன்னூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் எஸ்டேட் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போனவள். மூத்தவள் சிறுவயதில் சிலோனிலிருந்து வந்து, இன்றும் அதே எஸ்டேட் லயத்தில், காம்பரா என்னும் ஒற்றை அறை வீடுகளின் வரிசையில், தனியாக இருப்பவள்.

“ஏனுங்கக்கா, லயத்துல இப்ப யாரெல்லாம் இருக்கறாங்க?”

“பத்துக் காம்பராவுல ஒம்பது ஜார்க்கண்ட் சனம். தமிழ் தெரிஞ்சது நானும் என் கோழியுந்தான்.”

“அவுங்க தமிழ் கத்துக்கலீங்களா?”

“பக்கத்துக் காம்பரா புள்ளைக்கு ஒரே ஒரு வரி சொல்லிக் குடுத்திருக்கேன். என் மகன் நம்பரையும் அவ போன்ல போட்டு வச்சிருக்கேன்.”

“என்ன வரிங்கக்கா?”

“‘உங்கம்மா செத்துப்போச்சு, சீக்கிரம் வாங்க.’”

இளையவள் முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நேத்துத்தான் திக்காம சொன்னா,” என்றாள் மூத்தவள்.