சம்பந்தி வாயில் மெழுகு உருண்டை

இல்ல தம்பி, சன்னல்ல மாட்டுன சூட்டுப் பெட்டியில கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. பகல் வெயிலுக்கு உருண்டைக்குள்ள இருக்குற மெழுகு உருகுது, பொழுது சாஞ்சா திரும்ப இறுகுது, இறுகும்போது சூட்டக் கக்குது. நீங்க மாட்டிட்டுப் போனப்ப சொன்னபடியேதான். இந்த நாரின் மலைக் குளிருக்கு எங்க மாடுகூட இப்ப அந்தச் சன்னல ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குது. ஆனா உருண்டையில ஒண்ணு குறையுதுன்னு கேக்குறீங்க பாருங்க, அது நியாயமான கேள்வி. சொல்றேன், டீயக் குடிங்க.

ஒரு ஊர்ல ஒரு சம்பந்தி இருந்தாருன்னு வெச்சுக்கங்களேன். பேரு தொக்தோசுன். போன வாரம் எம் பொண்ணு ஐஜமாலக் கேட்டு வந்தாரு. அவளுக்கும் அவரு பையனத்தான் பிடிச்சிருக்கு. குதிரையில வந்ததுல மனுசனுக்குக் கை வெறைச்சுப் போச்சு. பாவமேன்னு நாலு உருண்டைய எடுத்து, கையில பிடிச்சுக்கட்டும்னு கிண்ணத்துல போட்டு சாப்பாட்டு விரிப்பு மேல வெச்சேன். உள்ள போயி ரொட்டி எடுத்துட்டு வரேன், ஒண்ண வாயில போட்டுட்டாரு.

சிரிக்காதீங்க. வெள்ளையா, உருண்டையா, கல்லாட்டம் இருக்கு. தயிர வடிச்சு உருட்டிக் காயவெச்ச குரூத்னு நெனச்சுட்டாரு. உங்க பிஷ்கெக் பட்டணத்துக் கடையில விக்கிற பொடிசு இல்ல, எங்க ஊரு குரூத் இந்தப் பருமன்தான்.

எப்படித் தம்பி சொல்றது? விரிப்புல வெச்சதத் துப்புங்கன்னு விருந்தாளிகிட்டச் சொன்னா, சம்பந்தம் அங்கயே முறிஞ்சுது. அவரும் துப்ப முடியாது, மரியாதை இல்ல. இந்தக் கன்னத்துலருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டிக்கிட்டே சீரு செனத்தி பேசுறாரு. ஒரு வார்த்த புரியல. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். எத்தன ஆட்டுக்கு ஆட்டுனேனோ, தெரியல.

கடைசியில எம் பேரச் சொல்லி, ஜூரகான், உன் குரூத் கரையவே மாட்டேங்குது, ஆனா கடவாப்பல்லு வலி போயிருச்சுங்குறாரு. இதமா சூடு பிடிச்சிருக்கு போல. அப்படியே அடக்கிக்கிட்டுக் குதிரை ஏறிட்டாரு.

சேச்சே, முழுங்கல. தெனமும் அடுப்போரம் வெச்சு எடுத்து வாயில போட்டுக்கிறாராம், சம்பந்தியம்மா சொல்லி அனுப்புனாங்க.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இன்னிக்குத்தான் நிச்சயம் பண்ணிப் பொண்ணுக்குத் தோடு போட வராங்க. அந்தக் குரூத்த உருட்டுன கையப் பிடிச்சுக் குலுக்குனாத்தான் தோடுன்னு நிக்கிறாரு. என் கைதான்னா, இன்னொண்ணு உருட்டிக் காட்டுன்னுவாரு. அதனால அது எங்க கொழுந்தனாரு மகன் செய்யிறது, பட்டணத்துலருந்து வரான்னு சொல்லிட்டேன்.

நாய் கொரைக்குது பாருங்க, வந்துட்டாங்க. அந்தக் கம்பெனிக் கோட்டக் கழட்டிட்டுக் கையக் காட்டுங்க தம்பி. கொஞ்சம் தயிரு தடவிவிடறேன், வாடை அடிக்கணும்ல.