ராஜபாண்டிக்குக் கொடுத்த கண்ணாடி

வெல்டிங் ஹெல்மெட்டுக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் முதலில் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். சூரியன் மங்கலாகத் தெரிந்தால் போதும், நல்ல கண்ணாடி என்று வாங்கிப் போய்விடுவார்கள். கறுப்பாக இருப்பது வேறு, கண்ணைக் காப்பது வேறு; கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுக்க வேண்டும், மூலையில் அச்சடித்த நம்பர் வேலைக்குத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், சார். வேலம்பாளையத்தில் மகுடேஸ்வரன் கடை என்றால் நம்பி வருவார்கள். ஆனால் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அன்புசெல்வி மட்டும்தான் கேட்டுக்கொண்டாள். என் கடையில் பில் போட்டவள். வருகிறவர்களிடம் "என்ன வேலைக்குண்ணே?" என்று விசாரித்து, சரியான நம்பரை எடுத்துத் தருவாள். தெற்கத்திக் குடும்பம். எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் நான் எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மதியம் என் டிபனிலிருந்து பொரியல் எடுத்து வைப்பேன், மறுக்காமல் சாப்பிடுவாள். அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

ராஜபாண்டி சாயப்பட்டறைகளில் பைப் வெல்டிங் செய்கிறவன். அவளுடைய ஊர்ப்பக்கம். வெல்டிங் ராடு வாங்க வந்தவன், கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றான். "மொதப் பத்திரிக உங்களுக்குத்தாண்ணே" என்று அவளே என் கையில் கொடுத்தாள். நான் மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். மண்டபத்தில் அவன் அவளுக்கு ஊட்டிவிட்டதை எல்லோரும் கைதட்டிப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

குழந்தை பிறந்து சில மாதம் கழித்துக் கண்ணாடிக்காக வந்தான். "வேற கடையில வாங்கக் கூடாதுன்னு அன்பு சொல்லிருக்காண்ணே. நீங்களே பாத்துக் குடுங்க" என்றான். பார்த்துத்தான் கொடுத்தேன். பெயர்ப்பலகை செய்கிறவர் கழித்துப்போட்ட கறுப்பு பிளாஸ்டிக்கை அதே அளவுக்கு வெட்டி வைத்திருந்தேன். "இது புது மாடலுங்க தம்பி. கீழ உளுந்தாலும் ஒடையாது" என்றேன். வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் போனான்.

கொஞ்ச நாள் கண் உறுத்தட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இங்கே வெல்டர்கள் யாரும் கண் உறுத்தலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். அது வேலையோடு வருவது என்று இருந்துவிடுவார்கள்.

அடுத்த முறை கண் சிவந்து வந்தான். மனது கேட்காமல் மேஜைக்குள்ளிருந்து நிஜக் கண்ணாடியை எடுத்துவிட்டேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அதற்குள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சுண்ணே. அன்புதான் மடியில படுக்க வச்சுத் தாய்ப்பாலு விட்டா. காலையில சரியாப் போச்சு."

நான் கண்ணாடியை மறுபடி மேஜைக்குள் வைத்துவிட்டேன். அவனாக எதையும் பெருமையடித்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக் கீறல் விழுந்து அவன் கேட்டபோதெல்லாம் அதே பிளாஸ்டிக்கை வெட்டிக் கொடுத்தேன். உறுத்தல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பேன். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்வான். கேட்காமல் இருந்திருக்கலாம்தான், என்னால் முடியவில்லை.

பிறகு ஒருநாள் ராடு பாக்கெட்டை நீட்டினேன். அவன் கை பாக்கெட்டுக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். ஓரங்கள் தெரியுமாம், நேராகப் பார்த்தால் கறுப்பாம். அன்புசெல்வி ஹெல்மெட்டிலிருந்து அதைக் கழற்றி, மூலையில் நம்பர் அச்சடித்திருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நானே வெட்டினேன், கண் போகும் என்று தெரிந்தே கொடுத்தேன். இனி அவளை எதிரில் உட்கார வைத்தாலும் அவனுக்கு அவள் முகம் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள். அன்புசெல்விக்கு நான் எந்தக் கெடுதலும் செய்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வெளியேதான் இருக்கிறாள் என்றால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், சார். கடையில் அவள் இடத்துக்கு நான் இன்னும் வேறு ஆள் போடவில்லை.