இந்தோஜி ஏரிக்கு ஒரு வீட்டு வண்டி

வீட்டு வண்டியில் பயணம் போகிறவர்கள் பாத்திரங்களைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரங்கூனிலிருந்து மண்டலே போய்ச் சேருவதற்குள் தலைவலி வந்துவிடும். வாடகைக்குக் கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பொன்னுத்துரையிடமும் சொன்னேன்.

என் பெயர் பிரான்சிஸ். ரங்கூனில் தாமுவே பகுதியில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய சின்ன பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் காஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து நானே அதை வீட்டு வண்டியாக மாற்றினேன். ஓட்டுவதும் நான்தான். ஒருகாலத்தில் வடக்கே பனிமலை பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். சண்டை தொடங்கியபின் யாரும் வரவில்லை.

பொன்னுத்துரை எங்கள் சந்தையில் பருப்புக் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் மனைவி வேலம்மாவுடன் வந்தார்.

"அண்ணே, கார்த்திகேசனுக்குச் சீட்டு விழுந்துருச்சு," என்றார்.

இங்கே அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வார்டில் வாலிபப் பிள்ளைகளின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். பெயர் வந்தவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும். போனவர்களில் திரும்பி வந்த யாரையும் நான் பார்க்கவில்லை.

"குடும்பத்தோட ஊரு பாக்கப் போற மாதிரி போயிருவோம். வடக்கே இந்தோஜி ஏரி பாக்கப் போறோம்னு சொல்லிக்கலாம். அங்கேருந்து அவன எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக ஆளு இருக்கு. வண்டிய நீங்க தந்தாப் போதும்ணே."

வேலம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடுப்புல சோறு வடிக்க முடியுமா அண்ணே? போய்ச் சேர்ற வரைக்கும் அவனுக்கு நான் ஆக்கிப் போடணும்."

முடியும் என்றேன். வாடகை வேண்டாம் என்றும் சொன்னேன். வாங்கியிருந்தால் எனக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

சீட்டு விழுந்தவன் ஊரைவிட்டுப் போக முடியாது. சாலையில் பட்டாளத்தார் வைத்திருக்கிற சோதனைக் கேட்டுகளில் பெயர் பார்ப்பார்கள். அதனால் கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டுப் பலகையால் ஒரு பெட்டி அடித்தேன். அளவெடுக்கக் கார்த்திகேசனே வந்து படுத்தான். இருபத்து மூன்று வயது, நல்ல உயரம்.

"மாமா, நான் கால மடக்கிக்கிறேன். சின்னதாவே அடிங்க," என்றான்.

நான் தாராளமாகவே அடித்தேன். காற்றுக்குப் பன்னிரண்டு துளை போட்டேன். துளைகளின் விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன், கை கிழியக் கூடாதே என்று.

எனக்கு ஒரே மகன், அமிர்தநாதன். கார்த்திகேசனைவிட ஒரு வயது இளையவன். இருவரும் ஒன்றாகச் சின்லோன் என்கிற பிரம்புப் பந்து ஆடுவார்கள். அவன் தாய் இறந்தபின் நானே சமைத்து வளர்த்தேன். பொன்னுத்துரைக்கு மகனைத் தவிர இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு. நான் இதை நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

என்னை வார்டு அலுவலகத்துக்கு இழுத்துப்போய் அடித்துக் கேட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் உண்மை அதுவல்ல. என்னை யாரும் கூப்பிடவில்லை. அமிர்தநாதனுக்குச் சீட்டும் விழுந்திருக்கவில்லை. விழாது என்று யாரால் சொல்ல முடியும்? பெட்டி வேலை முடிந்த மறுநாள் காலையில் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு நானாகவே நடந்துபோனேன். வார்டு அதிகாரி ஊ சோ டின்ட் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். தப்பிப் போகிற ஒருவனை நான் காட்டினால் குலுக்கலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார்.

ஒன்று மட்டும் நான் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டேன். முதல் கேட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். நாலைந்து நாள் அந்தப் பெட்டிக்குள் கிடந்து, ஏரி தெரிகிற தூரத்தில் பிடிபட்டால் பாவம் இல்லையா?

கிளம்பிய அன்றே, நகரத்தின் வடக்கு ஓரத்தில் மிங்கலாடோனைத் தாண்டியதும் முதல் கேட்டில் நிறுத்தினார்கள். நல்ல வெயில். பெண்பிள்ளைகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் நேராகக் கட்டிலுக்குப் போய் மெத்தையைத் தூக்கினார்கள். கார்த்திகேசன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான்.

"மாமா, என் செருப்பு எங்க?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன்.

ஒளித்து வைத்த குற்றத்துக்குப் பொன்னுத்துரையையும் இறக்கினார்கள். அதை நான் கேட்கவில்லை. வேலம்மா சிப்பாயின் காலைப் பிடித்துக்கொண்டு, "இவரு வண்டிக்காரரு, இவருக்கு ஒண்ணும் தெரியாது, இவர விட்டுருங்க," என்று பர்மிய மொழியில் எனக்காகக் கெஞ்சினாள். என்னை யாரும் பிடிக்கவே இல்லை. அது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கெஞ்சுவதை நிறுத்திவிட்டாள்.

நான்தான் அவளையும் பிள்ளைகளையும் தாமுவேக்குத் திருப்பிக் கூட்டிவந்தேன். வழியில் ஒரு கடையில் நிறுத்திச் சாப்பிடச் சொன்னேன். அவர்கள் இறங்கவில்லை.

மூன்று மாதத்தில் கார்த்திகேசன் போய்விட்டதாகச் சேதி வந்தது. உடல் வரவில்லை. மாதா கோவிலில் அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். பொன்னுத்துரை எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

அன்று மாலை அமிர்தநாதன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அப்பா என்பதற்குப் பர்மிய வழக்கப்படி அவன் என்னைப் பேபே என்றுதான் கூப்பிடுவான்.

"பேபே, அவன் எனக்குப் பதிலாவா போனான்?"

"உனக்குப் பதிலா யாரும் போகல. சாப்பிடு."

"வேலம்மா அத்த எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க."

மறுநாள் அவனே வார்டு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். அடித்து நீக்கிய பெயரை மறுபடியும் எழுத வேண்டியிருந்தது என்று ஊ சோ டின்ட் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அமிர்தநாதன் இளகிய மனம் உள்ளவன். அவசரப்பட்டுவிட்டான், அவ்வளவுதான்.

களத்துக்குப் போய்விட்டவனைத் திருப்பிக் கொண்டுவர ஒருவனைக் காட்டினால் போதாது, இரண்டு பேராவது வேண்டும் என்கிறார் ஊ சோ டின்ட். ஷ்வேப்யிதாவில் தையல் வேலை செய்கிற ரிஹானா என்ற அம்மா போன வாரம் வந்தார். இரட்டை ஆண்பிள்ளைகள், பத்தொன்பது வயது. வடக்கே போக வேண்டுமாம். வரும் திங்கட்கிழமை கிளம்பலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அமிர்தநாதனிடமிருந்து நான்கு மாதமாகப் போன் இல்லை. அவன் இருந்த முகாமே இப்போது இல்லை, ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். மலைப்பக்கத்தில் சிக்னல் கிடைக்காது என்பது இந்த ஜனங்களுக்குத் தெரிவதில்லை.