ஒழுங்கில்லாத தப்பு

தாடியின் மேல் பழி போடுவது பாவம் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். டெல்மர் கண்ணாடி முன் நின்று, எங்கள் கல்யாணத்துக்கும் முந்தைய தாடியைச் சிரைத்துக்கொண்டிருந்தான். நாணை இழுத்துக் கையைத் தாடையில் ஊன்றும்போது தாடி நடுவில் மெத்தை போல அமுங்குகிறது, அதனால்தான் அம்பு விலகுகிறது என்பது அவனுடைய அன்றைய கண்டுபிடிப்பு. சிரைத்து முடித்ததும் பார்த்தால், அந்த முகத்தில் முகவாய்க்கட்டை என்று சொல்லிக்கொள்ள அதிகமாக ஒன்றும் இல்லை. இத்தனை காலம் அதை என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறான். அதற்கும் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அம்பு மறுபடியும் விலகியது. இந்த முறை வலப்பக்கம்.

வடக்கு விஸ்கான்சினில் எங்கள் ஊருக்கு இருப்பது ஒரே வில் கடை. அது எங்களுடையது. முன்பக்கம் டெல்மர் நின்று பேசுவான். பின்பக்க மேசையில் நான் வில்களைச் சரிசெய்வேன். சக்கரம் வைத்த வேட்டை வில் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் குழந்தை வயிறு மாதிரி, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கெட்டுப்போகும். மான் வேட்டை தொடங்கும் செப்டம்பர் நெருங்கினால் ஊரின் ஆண்கள் எல்லாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாண் தளர்ந்துவிட்டது, புதுக் கையுறை தடிமனாக இருக்கிறது, காற்று, வெயில், மாமியார் வந்திருந்தாள். ஒருவர்கூட "நான் சரியாக எய்யவில்லை" என்று சொன்னதில்லை.

டெல்மர் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் எடுப்பான்.

"எத்தனை அம்பு விட்டாலும் ஒரே பக்கமா போய்க் குத்துதா? அப்ப வில்லுல கோளாறு. குறி ஊசிய நகத்தினா முடிஞ்சுது. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு சிதறுதா? அது நீதான்டா ராசா. வில்லோட தப்பு ஒழுங்கா இருக்கும். ஒழுங்கில்லாத தப்பு ஆளோடது."

"அப்ப உன் பேச்சும் ஆளோட தப்புதான்" என்று யாராவது சொல்வார்கள். கடையே சிரிக்கும். எனக்கும் அந்தப் பாடம் பிடித்திருந்தது. மிகவும் சரியான பாடம். கவனமாகக் கேட்டுவைத்துக்கொண்டேன்.

இலையுதிர் காலம் முழுவதும் என் கணவன் மரத்தில் இருப்பான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காட்டில் மரத்தின் மேல் கட்டிய பரணில், வாசம் வராத சோப்பில் குளித்துவிட்டு, என்னைவிட மான்களின் விருப்பு வெறுப்புகளை நன்றாகத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மொத்த ஊரும் மதுவிடுதியில் கூடும்போது நான் அவன் தம்பி கர்ட்டுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். கர்ட் நல்லவன். வாயை மூடாமல் மெல்லுவான், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நவம்பரில் டெல்மர் பரணிலிருந்து விழுந்தான். இடுப்பில் அடி. கிறிஸ்துமஸ்வரை படுக்கையில் இருந்தான். நான் சூப் வைத்தேன், அவன் குடித்தான், இருவரும் ஜன்னல் வழியாகப் பறவைகளைப் பார்த்தோம். எழுந்து நடந்த முதல் நாளே அடுத்த வருடத்துப் பரணைப் பற்றிப் பேசினான். அறுபதை நெருங்குகிற மனிதன். இன்னொரு முறை விழுந்தால் கழுத்து. மனைவி என்று இருப்பவள் எதையாவது செய்ய வேண்டாமா?

வில்லில் அம்பு வந்து அமரும் சின்னத் தாங்கி ஒன்று உண்டு. அதை ஒரு திருகாணி பிடித்திருக்கும். அந்தத் திருகாணியைக் கால் திருப்பு திருப்பினால் தாங்கி மயிரிழை நகரும், முப்பது கஜத்துக்கு அப்பால் அம்பு உள்ளங்கை அகலம் விலகும். ஒரே பக்கம் விலகினால் டெல்மர் வில்லைச் சந்தேகித்திருப்பான். ஆகவே ஒரு நாள் இப்படித் திருப்பினேன். ஒரு நாள் அப்படி. நடுவில் சில நாள் சரியாகவே வைத்தேன். அந்த நாட்களில் அவன் குழந்தை மாதிரி சீட்டியடித்துக்கொண்டு வருவான்.

குறி தப்ப ஆரம்பித்தால் மேலே ஏறுவதை விட்டுவிடுவான் என்பது என் கணக்கு. அவன் விடவில்லை. காரணம் தேட ஆரம்பித்தான். அம்புகளை மாற்றினான். நாணை மாற்றினான். காபியை நிறுத்தினான். தாடியை எடுத்தான், வளர்த்தான், மறுபடியும் எடுத்தான். புது வில்லே வாங்கினான். அதைப் பூட்டிச் சரிசெய்து கொடுத்தவள் நான்தான்.

"நல்லா பாத்துட்டியா?" என்பான்.

"ஒவ்வொரு திருகாணியா பாத்துட்டேன்" என்பேன். அதில் பொய் இல்லை.

காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி, அதன் ஊடே எய்து, கிழிசலைக் கொண்டுவந்து காட்டுவான். அம்பு நேராகப் போனால் வெறும் ஓட்டைதான் விழும், இவன் கிழிசல் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். பிடியை முறுக்கிப் பிடித்தாலும் அப்படித்தான் கிழியும். "முறுக்குற டெல், முட்டை பிடிக்கிற மாதிரி பிடி" என்பேன். அதுவும் நல்ல அறிவுரைதான். யாருக்கும் சொல்லக்கூடியது.

மாலைகளில் அவன் பின்பக்கம் வந்து, கவிழ்த்த வாளியின் மேல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்காருவான். "ஆர்லிஸ், நான் எங்கடி தப்பு பண்றேன்?" என்று கேட்பான். கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் அவன் என்னிடம் கேட்டிராத கேள்வி அது. அவன் கையை எடுத்து விரல்களைச் சரியாக மடித்துக் காட்டுவேன். கை கதகதப்பாக இருக்கும். இதைச் சொல்வது அவசியமில்லை. விவரத்துக்காகச் சொல்கிறேன்.

அவன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்க நோய் இருந்தது. டெல்மர் என்னிடம் சொல்லாமல் ஒரு நாள் டாக்டரிடம் போய்விட்டு வந்தான். பின்னர் சொன்னான். அங்கே கையை நீட்டச் சொன்னார்களாம், நடுக்கம் இல்லையாம். "இப்ப இல்ல" என்று சேர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் தன் கையையே பார்ப்பான். நான் பார்க்காதது போல ரொட்டியை அவன் பக்கம் தள்ளுவேன்.

போன அக்டோபரில் ஒரு பெண்மானை அடித்தான். முன்தோளுக்குப் பின்னால் குறிவைத்தது தொடையில் பாய்ந்தது. அவனும் கர்ட்டும் ரத்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்து சதுப்பு நிலம்வரை போனார்கள். மான் கிடைக்கவில்லை. நொண்டிக்கொண்டே எங்கேயோ போய்ச் செத்திருக்கும். எங்கள் ஊரில் காயப்படுத்திவிட்டுக் கண்டுபிடிக்காமல் திரும்புகிறவனை யாரும் திட்டமாட்டார்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்று விடுதியில் எல்லாரும் வானிலையைப் பற்றியே பேசினார்கள். டெல்மர் வெளியே வண்டிக்குள் உட்கார்ந்து அழுதான். தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. மறுநாளே தாங்கியைச் சரியான இடத்தில் வைத்து, திருகாணியை இறுக்கி, அதன் தலையில் ஒரு சொட்டுப் பசையும் விட்டேன். அதற்குப் பிறகு ஒரு முறைகூட அதை நான் தொடவில்லை. பழைய கதையாக அது முடிந்திருக்க வேண்டும்.

அம்பு விலகிக்கொண்டேதான் இருந்தது.

குறி ஊசி இலக்கின் நடுவுக்கு வரும் முன்பே அவன் விரல் நாணை விடுவிக்கும் விசையைத் தட்டிவிடுகிறது. சில நேரம் நடுவுக்கு வந்தபின் விரல் அசையவே மாட்டேன் என்கிறது. வேர்வை கொட்ட, இழுத்த நாணை அப்படியே தளர்த்திவிடுவான். இதற்கு ஒரு பெயர் உண்டு. குறி பயம். அம்மை நோயின் பெயரைச் சொல்லத் தயங்குவது போல, கடைக்குள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வில்லில் வராது, மனதில் வரும். ஆலன் சாவி போட்டுத் திருகி எடுக்க முடியாது. தப்பு வில்லுடையதுதான், தன்னுடையது அல்ல என்று அந்த ஆள் நிச்சயமாக நம்பினால் மட்டும் சில சமயம் விலகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இன்று மதியம் கடையைச் சாத்தியபின் கர்ட்டும் அவனும் உள்ளே எய்து பழகும் நடைக்கு வந்தார்கள். சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. டெல்மர் மான் ரத்தக் கறை படிந்த பழைய சட்டையைப் போட்டிருந்தான், அதிர்ஷ்டச் சட்டையாம். வில்லை என் பக்கம் நீட்டினான்.

"நீ ஒண்ணு விடு ஆர்லிஸ்."

"நானா?"

"அண்ணி, மாட்டேன்னு சொல்லாதீங்க" என்றான் கர்ட், எதையோ மென்றுகொண்டே. "குளிர்காலப் போட்டில என்னைய அழ வச்ச கை உங்களுது. இவனோட புலம்பல் தாங்க முடியல. வேற ஆள் கையில குடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சுபோயிடும்ல?"

"நடுவுல விழுந்துச்சுன்னா வில்லு நல்லா இருக்கு, கோளாறு என்கிட்டதான்" என்றான் டெல்மர். "சனிக்கிழமை நான் ஏறல. இனிமே எப்பவும் ஏறல. கடையையும் கர்ட்டே பாத்துக்கட்டும். இன்னொரு மானை நான் அப்படிப் பண்ணமாட்டேன். தள்ளி விழுந்துச்சுன்னா..." அவன் சிரிக்கப் பார்த்தான். "தள்ளி விழுந்தா நான் பொழைச்சேன்."

வில்லை வாங்கி எடை பார்த்தேன். அருமையான வில். நான் விட்டால் நடுவில்தான் விழும்.

வேண்டுமென்றே தள்ளி விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு அம்பை ஓரமாக விடு, அவன் முகம் மலரும், பயம் போகும். அல்லது நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு, அதுவும் அதே வேலையைச் செய்யும். யோசித்தேன். சொல்வது உங்களிடம் சுலபம், நீங்கள் எனக்கு முன்னால் வாளியில் வந்து உட்காருகிறவர் இல்லை. வேண்டுமென்றே குறி தப்பவோ எனக்கு மனம் வரவில்லை. அது ஏமாற்று. வில் விஷயத்தில் நான் ஒருநாளும் அவனை ஏமாற்றியதில்லை.

அவன் காத்திருந்தான். அவன் கை லேசாக நடுங்கியது. உண்மையாகவே நடுங்கியதா, நான் அப்படிப் பார்த்தேனா தெரியவில்லை.

வில்லை மேசைமேல் வைத்துவிட்டு, வாளியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டேன்.

"வேண்டாம் டெல்" என்றேன். "எனக்குத் தோள் வலி. வா, வந்து இப்படி உக்காரு."